அறுபத்து நான்காம் அறை

எங்கள் வீட்டில் ஊர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். "பதினேழுல நல்ல மழையாம்" என்பாள் அம்மா, செய்தித்தாளை மடித்துக்கொண்டே. "முப்பத்தொண்ணுல மறுபடியும் கரண்ட் இல்லையாம், பாவம்." நான்காம் வகுப்புப் பரீட்சையில் ஓர் ஊரின் பெயரைக் கேட்ட இடத்தில் நான் இருபத்திரண்டு என்று எழுதினேன். டீச்சர் அதை வகுப்பு முழுக்கக் கேட்கும்படி படித்தார். மானம் போய் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தால், அம்மா விடைத்தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "சரியாத்தானே எழுதியிருக்க?" என்றாள்.

அம்மா தலைமைத் தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவள். எட்டுக்கு எட்டு, ஊருக்கு ஒன்றாக எண் போட்ட அறுபத்து நான்கு அறைகள் உள்ள மர அலமாரி ஒன்றின் முன்னால் இருபத்தாறு வருடமாக நிற்கிறாள். இடது கையில் கடிதங்கள் இருக்கும். வலது கை மட்டும் போய்ப் போய் வரும். முகவரியைப் படிக்கிறாளா என்றே சந்தேகமாக இருக்கும், ஆனால் தப்பாது. ஓர் அறை நிறைந்ததும் அதைக் காலி செய்து, சணலால் கட்டி, ஒன்பது என்று அச்சடித்த துண்டுச்சீட்டு ஒன்றை மேலே செருகுவாள். ஒன்பது அவளுடைய பிரிப்பு எண். ஆபீசில் அவளைக் கூப்பிடுவதும் அப்படித்தான்.

அந்தக் கட்டுக்கு அவள் போடுகிற முடிச்சு அவளாகவே கண்டுபிடித்தது. குட்டை நுனியை இழுத்தால் ஒரே இழுப்பில் அவிழும். நெட்டை நுனியை இழுத்தால் இன்னும் இறுகும். என் பள்ளிக்கூட ஷூவிலும் சடை ரிப்பனிலும் அதே முடிச்சைத்தான் போட்டு அனுப்புவாள். விளையாட்டு வகுப்பில் என் ஷூவைக் கழற்ற இரண்டு பேர் வேண்டும்.

இத்தனை ஊர்களைக் கையில் வைத்திருந்தவள் அவற்றில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. பஸ் ஒத்துக்காது. கார், ரயில் எதுவும் ஒத்துக்காது. ஹாரன் சத்தம் கேட்டாலே குமட்டும். அதனால் வேலைக்குப் போக ஒன்பது கிலோமீட்டர், வர ஒன்பது கிலோமீட்டர், எல்லாம் சைக்கிளில்தான். சைக்கிள் போகாத ஊர் அவளைப் பொறுத்தவரை அலமாரியில் மட்டும் இருக்கிற ஊர்.

இப்படி இருக்கையில்தான் எனக்கு வேலை கிடைத்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலை. அதற்காக இரண்டு வருடம் படித்திருந்தேன். துறைமுகம் இருந்தது அறுபத்து நான்கில். வேலைக் கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை அம்மாவின் கையில் போய் விழுந்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் வாயே திறக்கவில்லை. முட்டையில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். மறுநாள் தபால்காரர் மணியடித்தார்.

"வந்துடுச்சா?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நேத்தே பார்த்தேன். என் கையாலதான் நம்ம ஏரியாவுக்குப் போட்டேன்."

"நேத்தே சொல்லியிருக்கலாமேம்மா! ராத்திரியெல்லாம் நகத்தைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்."

"அதெப்படிச் சொல்றது? தபால்டி அது. உன் கைக்கு வர்ற வரைக்கும் உன்னோடது இல்ல."

பெற்ற மகளென்றும் பாராமல் விதிப்படி நடந்தவள், அடுத்த நிமிடமே விதியெல்லாம் மறந்து சண்டைக்கு வந்தாள். "அறுபத்துநாலா? அலமாரியில கடைசி மூலை. குனிஞ்சுதான் போடணும். ஒரு கார்டு போய்ச் சேரவே நாலு நாள் ஆகும். அதெல்லாம் ஒரு ஊரா?"

"ஃபோன்ல பேசிக்கலாம்மா."

"ஃபோன்ல பேசினா யாரு எங்க இருக்காங்கன்னே தெரியாது."

நான் எட்டாவது படிக்கும்போது அப்பா இறந்துபோனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இரண்டு தட்டு, இரண்டு டம்ளர், இரண்டு சைக்கிள். நான் போனால் எல்லாம் ஒன்று. அவள் சொல்லவில்லை, எனக்கும் தெரியாமலில்லை. அதனால்தான், "நீ வேண்டாம்னா நான் போகலம்மா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சொன்ன அடுத்த நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் அந்த அளவுக்கு ஆசைப்பட்டது வேறெதுவும் இல்லை.

பத்து நாள் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குள் வந்து சேராவிட்டால் அடுத்த ஆளுக்கு வேலை போய்விடும் என்று கடிதத்தில் தெளிவாகப் போட்டிருந்தது. கடைசியில் ஒரு நாள் ஆபீசிலிருந்து வந்து, சைக்கிளை நிறுத்திவிட்டு, "நானும் வரேன். அந்த ஊரைப் பார்க்கிறேன். பார்த்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

"பஸ்லயே ஒரு பகல் முழுக்க ஆகுமேம்மா. உனக்கு ஒத்துக்காதே."

"பஸ்ல யாரு வந்தா? சைக்கிள்ல."

"முந்நூத்திப் பத்து கிலோமீட்டர்!"

"தினமும் பதினெட்டு மிதிக்கிறேன். அதையே கொஞ்சம் நீட்டி மிதிக்கப் போறேன், அவ்வளவுதானே?"

ஒரே ஒரு நிபந்தனை. வழி அவள்தான் சொல்லுவாள். ஃபோனைப் பார்க்கக் கூடாது. நானும் ஒப்புக்கொண்டேன். ஊர்கள் விஷயத்தில் அம்மா தப்பு செய்து நான் பார்த்ததே இல்லை.

புதன்கிழமை காலை கிளம்பினோம். ஐந்து நாள் கணக்கு; ஞாயிறு சாயங்காலம் போய்ச் சேர்ந்துவிடலாம். நான் தோழியிடம் இரவல் வாங்கிய இருபத்தொரு கியர் சைக்கிளில் ஹெல்மெட்டும் கையுறையுமாக வந்தேன். அம்மா தன் கறுப்பு சைக்கிளில், சீட்டுக்கு மேல் பாத்திரம் தேய்க்காத புது ஸ்பான்ஜ் ஒன்றைத் தன் முடிச்சால் கட்டிக்கொண்டு வந்தாள். நான் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோதே தெருமுனைத் தபால் பெட்டிக்கு அருகில் போய் நின்று, குனிந்து எதையோ படித்தாள்.

"என்னம்மா பண்ற?"

"எத்தனை மணிக்கு எடுக்கறாங்கன்னு பார்த்தேன். நீ காத்தடி."

அதிலிருந்து ஆரம்பித்தது. வழியில் எந்தத் தபால் பெட்டியைக் கண்டாலும் இறங்கிவிடுவாள். பெயின்ட் உரிந்திருக்கிறதா, பூட்டு சரியாக இருக்கிறதா, நேரப் பலகை மாற்றியிருக்கிறார்களா என்று சுற்றி வருவாள். யாரும் அவளைச் சோதனைக்கு அனுப்பவில்லை. ஒரு நாளைக்குப் பதினைந்து பெட்டியாவது பார்த்திருப்பாள். எனக்கும் முதல் நாள் அது சௌகரியமாகத்தான் இருந்தது. ஏனென்றால் இருபத்தொரு கியர் இருந்தும் நான்தான் பின்னால் மூச்சிரைத்துக்கொண்டு வந்தேன். அம்மா ஏற்றமோ இறக்கமோ ஒரே வேகம். அவள் பெட்டியைப் பார்க்கிற நேரத்தில் நான் சாலையோரம் சாய்ந்து, உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் கிடப்பேன்.

"ஸ்பான்ஜ் வேணுமா?" என்பாள்.

"வேணாம்."

இரண்டாம் நாள் காலை நானே கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவளிடம் இன்னொன்று இருந்தது.

முதல் இரவு பன்னிரண்டில் தங்கினோம். ஊருக்குள் நுழைந்ததும் அம்மா இறங்கி, சைக்கிளைப் பிடித்தபடி கடைத்தெருவை இப்படியும் அப்படியும் பார்த்தாள். "எப்பவும் பாதி அறைகூட நிறையாது. ஊரும் அளவாத்தான் இருக்கு" என்றாள், யாரோ தெரிந்தவரைப் பற்றிப் பேசுவதுபோல. இருபத்தேழில் நேர் எதிர். அந்த அறை நாளைக்கு மூன்று தடவை நிரம்பி வழியுமாம். ஏன் என்று இருபது வருடமாக அவளுக்குக் குழப்பம். ஊருக்குள் போனால் தெருவுக்குத் தெரு நர்சிங் கல்லூரி, பெண்கள் ஹாஸ்டல். சாயங்கால வேளை, துவைத்த சீருடைகள் மொட்டை மாடிகளில் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு ஹாஸ்டல் வாசலில் அம்மா ரொம்ப நேரம் நின்றாள்.

"எல்லாம் அம்மாக்காரிங்க போட்ட கடிதமா?" என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கையெழுத்தைப் பார்த்தே நான் கண்டுபிடிச்சிருக்கணும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு நாற்பத்தொன்றை அடைந்தோம். நேராகப் போனால் நாற்பத்திரண்டு, இரவு அங்கேதான் தங்கல் என்றாள். நேராகப் போனோம். கடைகள் முடிந்தன, வீடுகள் முடிந்தன, தார் முடிந்தது. சாலை படிக்கட்டாக மாறி ஆற்றுக்குள் இறங்கியது. அக்கரை வெகு தூரத்தில் ஒரு பச்சைக் கோடாகத் தெரிந்தது.

படியில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"நாற்பத்திரண்டு..." என்று ஆரம்பித்த அம்மா திருத்திக்கொண்டு ஊரின் பெயரைச் சொன்னாள்.

"அதோ, அந்தக் கரை. பாலத்துக்குப் போகணும்னா ஆத்தோரமா மேல நாப்பத்தஞ்சு கிலோமீட்டர். அந்தப் பக்கம் திரும்ப நாப்பத்தஞ்சு இறங்கணும். முன்னாடி படகு இருந்துச்சு. பாலம் வந்ததும் ஆளுங்களை ஏத்தற படகை நிறுத்திட்டாங்க."

தொண்ணூறு கிலோமீட்டர். ஒன்றரை நாள். திங்கள் காலை எட்டு மணிக்கு நாங்கள் எங்கேயாவது பஞ்சர் ஒட்டிக்கொண்டிருப்போம்.

"நாப்பத்திரண்டோட பையை நாப்பத்தொண்ணோட மூட்டைக்குள்ளேயேதான்டி போடுவோம்" என்றாள் அம்மா. ஆற்றைப் பார்த்தபடியே பேசினாள். "ரெண்டு அறைக்கும் நடுவுல ஒரு பலகைதான் இருக்கு. பக்கத்துத் தெருன்னு நெனச்சேன்." பிறகு, "நீ இங்கேர்ந்து பஸ் பிடிச்சுப் போயிடு. நான் திரும்பிப் போறேன்" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "பார்த்துட்டுச் சொல்றேன்னுதானே வந்த? பார்க்காமலே திரும்பினா என்ன சொல்லுவ? வேண்டாம்னுதானே? தெரிஞ்சுதாம்மா செஞ்ச. ஒவ்வொரு பெட்டியா நின்னு நின்னு நேரத்தைக் கடத்தின. இப்போ ஆத்துல கொண்டுவந்து விட்டுட்ட. நான் போகக் கூடாதுன்னு வேணும்னே தப்பான வழியில கூட்டிட்டு வந்த!"

பெரியவர் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு இரண்டு படி தள்ளிப்போய் உட்கார்ந்தார்.

அம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். "இருபத்தாறு வருஷத்துல ஒரு கார்டைக்கூட நான் வேணும்னு தப்பான அறையில போட்டதில்ல" என்று மட்டும் சொன்னாள். சைக்கிளைத் திருப்பினாள். பத்தடி போனவள் நின்று, "சரி, கடிதம் மட்டும் எப்படி ஆத்தைத் தாண்டுது?" என்றாள். என்னிடம் கேட்கவில்லை, தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். கேட்டுக்கொண்டே தபால் நிலையத்தைப் பார்த்து மிதித்தாள். நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். வேறென்ன செய்வது?

நாற்பத்தொன்றின் தபால் நிலையம் ஒரே ஒரு கூடம். மேசைக்குப் பின்னால் போஸ்ட்மாஸ்டர், முன்னால் தபால்தலை விற்கிற அக்கா, சுவரில் ஓர் ஆணி, ஆணியில் ஒரு கத்திரிக்கோல். கத்திரிக்கோலின் கைப்பிடியில் அட்டை கட்டி ஒன்பது என்று எழுதியிருந்தது.

"சார், அந்தக் கரைக்கு மூட்டை எப்படிப் போகுது?" என்றாள் அம்மா.

"நீங்க யாரும்மா?"

"ஹெட் ஆபீஸ். பிரிப்பு. ஒம்பது."

போஸ்ட்மாஸ்டர் மெதுவாக எழுந்து நின்றார். மரியாதைக்கு எழுகிறார் என்று நினைத்தேன். "அக்கா, இங்க வாங்க! ஒம்பது வந்திருக்கு! நேர்லயே வந்திருக்கு!" என்று கத்தினார்.

தபால்தலை அக்கா ஓடிவந்து அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கதானா? பதினோரு வருஷமா உங்க முடிச்சோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கோம். இது நாலாவது கத்திரிக்கோல்."

"வெட்டறீங்களா?" என்றாள் அம்மா. ஆற்றங்கரையில் நான் சொன்னபோதுகூட அவள் முகம் அப்படி விழவில்லை. மேசைமேல் அன்றைய கட்டு ஒன்று வெட்டப்படாமல் இருந்தது. லீவில் கிளம்புமுன் செவ்வாயன்று அவளே கட்டியதாகத்தான் இருக்கும். அதை எடுத்து, குட்டை நுனியை இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். சணல் முழுதும் அவிழ்ந்து மேசையில் விழுந்தது.

தபால்தலை அக்கா சணலைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இன்னொரு தடவை பண்ணுங்க" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

மூன்று தடவை செய்து காட்டினாள். நான்காம் தடவை அவரே இழுத்துப் பார்த்து, குழந்தை மாதிரி சிரித்தார். தபால்தலை அக்கா ஆணியிலிருந்து கத்திரிக்கோலை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினார். டீ வந்தது. ரொட்டி வந்தது. பிறகுதான் ஆற்றைப் பற்றிய பேச்சே வந்தது.

தபாலுக்கென்று மட்டும் ஒரு படகு இன்னும் ஓடுகிறதாம், காலை ஏழு மணிக்கு. மூட்டையும் அதற்குக் காவலாக ஓர் ஊழியரும் தவிர வேறு யாரும் ஏறக் கூடாது. தினமும் காவல் போவது போஸ்ட்மாஸ்டரே. தண்ணீர் என்றால் அவருக்கு வயிற்றைக் கலக்கும். "நாளைக்கு நீங்க காவல் போங்கம்மா. ஹெட் ஆபீஸ் ஊழியர்னு நான் எழுதிக் குடுத்துடறேன். நான் ஒரு நாள் வீட்டுல நிம்மதியா இருக்கேன்." என்னைப் பார்த்தார். "பொண்ணைத்தான் என்னன்னு எழுதறது?"

"மூட்டை தூக்க வந்த ஆளுன்னு எழுதுங்க சார்" என்றேன். "துறைமுகத்துல அந்த வேலைக்குத்தான் போறேன்."

"அப்போ முன் அனுபவம் ஒரு நாள்" என்று எழுதியே கொடுத்துவிட்டார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

மறுநாள் காலை பதினான்கு மூட்டைகளையும் இரண்டு சைக்கிள்களையும் நான்தான் ஏற்றினேன். அம்மா மூட்டைகளின் மேல் உட்கார்ந்து, படகு கிளம்பியதிலிருந்து நடு ஆறு வரை விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள். நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். மன்னிப்புக் கேட்க நல்ல சமயம்தான், ஆனால் வாந்தியெடுக்கிறவளிடம் எப்படிப் பேச்செடுப்பது? நடு ஆற்றில் அவளுக்குத் தெளிந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு தண்ணீரை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை பார்த்தாள்.

"இதான்டி அந்தப் பலகை" என்றாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் படகோட்டி எங்களை அதட்டினார்.

அதற்கப்புறம் எல்லாம் ஓட்டம்தான். தபால் பெட்டிகளுக்கு மட்டும் அப்போதும் இறங்கினாள்; நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஞாயிறு நான்கு மணிக்குக் கடல் காற்று முகத்தில் அடித்தது. அறுபத்து நான்கு. துறைமுக வேலிக்கு வெளியே நின்று அம்மா கிரேனை அண்ணாந்து பார்த்தாள். பார்த்துப் பார்த்து வெயிலுக்காக அவள் தலையில் போட்டிருந்த துணி நழுவி விழுந்தது.

"உச்சியில ஒரு டப்பா தொங்குதே, அதுலயா உட்காருவ?"

"ஆமாம்மா."

காவலாளியிடம் போனாள். "அண்ணே, அது மேல கழிப்பறை இருக்கா?"

"இல்லம்மா. இறங்கி வரணும்."

"காத்தடிச்சா?"

"காத்து ஜாஸ்தியானா வேலையை நிறுத்திடுவாங்க."

பிறகு வேலைக் கடிதத்திலேயே எனக்கென்று குறிப்பிட்டிருந்த துறைமுகப் பெண்கள் விடுதியின் அறையைப் பார்த்தாள், ஜன்னல் கொக்கியை ஆட்டிப் பார்த்தாள், குழாயைத் திறந்து மூடினாள், வார்டனிடம் கால்மணி நேரம் பேசினாள். நான் கட்டிலில் உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். "சரி, இரு" என்றாள் கடைசியில். அவ்வளவுதான். நான் கட்டிப்பிடித்துக்கொண்டேன். "வேர்வை, வேர்வை" என்று விலக்கிவிட்டாள், ஆனால் உடனே விலக்கவில்லை.

திங்கட்கிழமை ஆறரைக்கு அவள் திரும்பக் கிளம்பினாள். லீவு நிறைய சேர்ந்து கிடந்தது. அவசரமில்லை, வழியில் ஒவ்வோர் ஊரிலும் முடிச்சு அவிழ்க்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றாள். எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் நான் துறைமுக ஆபீசில் கையெழுத்துப் போட்டேன். ஆற்றங்கரையில் சொன்னதைப் பற்றி மட்டும் கடைசிவரை வாய் வரவில்லை.

சாயங்காலம் விடுதிக்குத் திரும்பியபோது வார்டன், "உனக்குத் தபால் இருக்கு. புது ஆளுக்கு அதுக்குள்ளயா?" என்று இரண்டு கார்டுகளை நீட்டினார். அம்மாவின் கையெழுத்து. ஒன்று இருபத்தேழிலிருந்து வந்திருந்தது: 'இங்கே படிக்கிற பெண்கள் நன்றாகச் சாப்பிடுகிறார்கள். நீயும் சாப்பிடு.'

இன்னொன்றைத் திருப்பினேன். எங்கள் ஏரியாவின் முத்திரை. புதன்கிழமை, முதல் எடுப்பு. நான் காற்றடித்துக்கொண்டிருந்த அந்தக் காலை.

'இன்று கிளம்புகிறோம். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். உன்னோடு ஐந்து நாள் இருப்பதற்காக அப்படிச் சொன்னேன். புது ஊரில் உன் பெயருக்கு ஒரு கடிதமாவது முன்னால் போய்க் காத்திருக்கட்டும். வேலையைக் கவனமாகப் பார். அம்மா.'

கட்டிலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பக்கத்துக் கட்டில்காரி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு ஃபோன் செய்தேன். எங்கோ சாலையோரம் நின்று எடுத்தாள். காற்றுச் சத்தம் கேட்டது.

"அம்மா, ஆத்தங்கரையில நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. தப்பும்மா. மன்னிச்சுடு."

"அதை நான் வாங்கிக்கவே இல்ல. அப்பவே திருப்பி அனுப்பிட்டேன்" என்றாள். "அதை விடு. கார்டு வந்துச்சா? முதல் கார்டு?"

"வந்துச்சு."

"அந்த ஊர் முத்திரையும் இருக்கும் பாரு. என்ன கிழமை?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். "சனிக்கிழமை."

விரல் விட்டு எண்ணுகிறாள் என்று எனக்கு இங்கிருந்தே தெரிந்தது.

"மூணே நாளா?" என்றாள் அம்மா. "நான் நாலுன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்." சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிடுகிற சத்தம் கேட்டது. "அப்போ பக்கத்துலதான்டி இருக்க."